நாணயம் கெட்டவன்

தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மையும்கூட. ஸ்பானிய மொழியிலோ பெசெட்டா என்ற காசிலிருந்து 'பெசெட்டேரோ' என்ற வசை பிறந்தது. காசுக்கு ஆலாய்ப் பறக்கிறவன் என்று பொருள். 1833-40 கார்லிஸ்ட் போரில் நாளுக்கு ஒரு பெசெட்டா கூலிக்குப் படையில் சேர்ந்தவர்களை எதிரணி இப்படித்தான் கூப்பிட்டது. கூலி வாங்குகிறவன்மேல் உள்ள இளக்காரம் அப்போதே சொல்லில் ஏறிவிட்டது.

கால்பந்து ரசிகர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 2000 ஜூலையில் லூயிஸ் ஃபீகோ பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். விலை சுமார் 1000 கோடி பெசெட்டா, அன்றைக்கு உலக சாதனை. அக்டோபரில் அவர் பார்சிலோனா மைதானத்துக்கு ஆட வந்தபோது கூட்டம் 'பெசெட்டேரோ' என்று கத்தியது. அவர் முகம் அச்சடித்த போலி நோட்டுகளும் வந்தன. 2002 நவம்பரில் கார்னர் அடிக்கப் போன இடத்தில் பன்றித்தலையே வந்து விழுந்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர்கள் காசை விட்டுக் காதலைப் பிடித்தார்கள். 1972இல் நாப்போலியிலிருந்து யுவென்டஸுக்குப் போன அல்டாஃபினி, 1975 ஏப்ரலில் பழைய அணிக்கு எதிராகவே கடைசி நிமிடங்களில் கோல் போட்டார். 'கோரே ன்கிராட்டோ', நன்றிகெட்ட நெஞ்சு, என்று பெயர் விழுந்தது. கைவிட்டுப்போன காதலியைப் பற்றிய 1911ஆம் வருஷப் பாட்டின் தலைப்பு அது.

இதையெல்லாம் காலித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆளை வாங்குவதையும் விற்பதையும் பற்றி மைதானத்தில் நிற்கிறவனை யாரும் கேட்பதில்லை. பட்டப்பெயர் வைக்கிற அதிகாரம்தான் அவனுக்கு மிச்சம்.

ஆனால் அது யார்மேல் பாய்கிறது? ஃபீகோவின் விடுவிப்புத் தொகை பார்சிலோனாவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. அவரைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் கட்டுமானத் தொழிலதிபர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் மாட்ரிட் கிளப்பின் தலைவர் தேர்தலில் ஜெயித்தார். அதே கோடையில் பார்சிலோனா ஆர்சனலிலிருந்து இரண்டு பேரை வாங்கிப்போட்டது. 1996இல் மாட்ரிட்டை விட்டு வந்த லூயிஸ் என்ரிகேயைக் கேப்டனாகவும் ஆக்கிக்கொண்டது. வந்தவன் நம்மாளு, போனவன் துரோகி!

ஆளை வாங்கி விற்கிற நிர்வாகத்துக்கு இப்படியொரு பட்டப்பெயர் வைத்து நான் கேட்டதில்லை. கோடி வாங்கினாலும் ஆட்டக்காரன் உழைப்பை விற்கிறவன்தான். வேலை மாறுகிற உரிமை அவனுக்கும் உண்டு. விசுவாசம் என்கிற சொல்லாடல் அவனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறது, முதலீட்டை விட்டுவிடுகிறது. நம்முடைய கேலிகளையும் இந்தக் கேள்வியோடு வாசிக்க வேண்டியிருக்கிறது.

2002இல் யூரோ வந்து பெசெட்டா செத்துப்போச்சு. 'பெசெட்டேரோ' மட்டும் சாகவில்லை.