இரவு 10 மணிக்குப் பிறகு

மன அமைதியைத் தேடுகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன. மூச்சைக் கவனியுங்கள், தியானம் பழகுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள், விடுமுறையில் மலைப்பக்கம் போய் வாருங்கள். எதுவும் தவறில்லை. ஆனால் தெருமுனையில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி நள்ளிரவு தாண்டியும் பாட்டுப் போடும்போது, பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது கேலியாகத்தான் முடியும். அமைதியைத் தனிமனிதரின் மனப்பயிற்சியாகச் சுருக்கிவிட்டதில், சத்தம் போடுகிறவருக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. அந்த எல்லையைக் காக்கச் சொல்லிக் கேட்பது தயவு கேட்பதல்ல, உரிமையைக் கேட்பது.

“எல்லாம் பழகிப்போகும்” என்பார்கள். ரயில் பாதை ஓரம் குடியிருப்பவர்களும் பேருந்து நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களும் இதைச் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. மனம் பழகிக்கொள்ளத்தான் செய்கிறது. உடல் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. தூங்குகிறவர் விழிக்காவிட்டாலும், திடீர்ச் சத்தம் எழும்போது இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பதற்றத்துக்குரிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அதே வீட்டில் வாழ்ந்தாலும் இந்த எதிர்வினை முழுதாக மறைவதில்லை. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் பறிபோகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. தூக்கக் கேடும் இதய நோயும் அந்தக் கணக்கில் அடக்கம்.

மனம் அடங்கினால் சந்தை இரைச்சலிலும் தியானம் கைகூடும் என்று வாதிடுவோரும் உண்டு. முதிர்ந்த சாதகர்களுக்கு அது முடியலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு? நியூயார்க்கில் உயர்த்திக் கட்டிய ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்து 1975-இல் முடிவை வெளியிட்டார். பாதைப் பக்க வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், கட்டடத்தின் மறுபக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் மாதக்கணக்கில், மேல் வகுப்புகளில் ஏறக்குறைய ஓராண்டு, பின்தங்கி இருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் தகடுகள் பதித்தார்கள். அடுத்து நடந்த ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. பிள்ளைகளை மனம் குவிக்கச் சொல்லி யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

கைவசம் இருக்கும் தனிப்பட்ட தீர்வு இயர்போன். அது பாதி நேரம் தீங்கைக் கூட்டுகிறது. வெளி இரைச்சலை வெல்ல உள்ளே ஒலியை ஏற்றுகிறோம். பேருந்தில் போகும் எந்த இளைஞரின் காதருகில் நின்றாலும் இது புரியும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல என்பதால் இது பலரை ஏமாற்றிவிடுகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 90 டெசிபலில் அதே 40 மணி நேரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே சத்தத்தை அது கிளம்பும் இடத்திலேயே குறைக்க வேண்டும். அதற்கான சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் இரவில் திறந்த வெளியில் ஒலிக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு 10 மணியிலிருந்து நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் அவசரம் இல்லாமல் ஹாரன் அடிப்பதும் விதிமீறல்தான். 2005-இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், இரைச்சலற்ற சூழலில் வாழ்வதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அந்த வழக்குக்குக் காரணமாக இருந்த சம்பவத்தை மறக்க முடியாது: பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், பக்கத்தில் ஒலித்த ஒலிபெருக்கிப் பாட்டில் யாருக்கும் கேட்காமல் போயிற்று.

சட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று பலரும் நம்புகிறோம். 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு முறைப்படி அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலம் ஆகும். “ஹாரன் அடிக்காதீர்” பலகை மட்டும் போதாது; அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறு. திருவிழாவும் சாவு மேளமும் பெருநாள் தொழுகையும் நம் வாழ்க்கை, அதில் வாயைக் கட்டச் சொல்ல நீங்கள் யார் என்ற கேள்வி அது. இதே கேள்வியைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தேவாலயத்தின் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் சந்தித்தது. பிறர் அமைதியைக் குலைத்தோ ஒலிபெருக்கி வைத்தோதான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அது கோயிலுக்கும் மசூதிக்கும் கட்சி மேடைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். நடைமுறையில் அப்படிப் பொருந்துகிறதா என்பதுதான் சிக்கல். மாற்று மதத்தாரின் ஒலிபெருக்கி மட்டும் உறுத்துவதும், பறையடிக்கும் கலைஞரை அதட்டிவிட்டு ஆளுங்கட்சிக் கூட்டத்தின் ஸ்பீக்கரைக் கண்டுகொள்ளாததும் விதியின் பெயரால் நடக்கும் பாரபட்சம். அதற்கு மருந்து விதியைக் கைவிடுவதல்ல, எல்லாரிடமும் ஒரே அளவுகோலைக் காட்டுவது. சத்தம் இல்லாவிட்டால் கொண்டாட்டமே இல்லை என்போர் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியைப் பார்க்கலாம். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள்.

புகார் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் பகை வரும் என்ற அச்சம் நியாயமானது. முதலில் நேரில் பேசிப் பார்ப்பதே முறை. பயனில்லை என்றால் தனி ஒருவராகப் போகாமல் தெருவில் நாலு பேர் சேர்ந்து கையெழுத்திடுவது பாதுகாப்பு. சத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே 112-ஐ அழைக்கலாம். விதிகளின்படி பகலில் புகார் செய்ய, அளவு வரம்பைவிட 10 டெசிபல் மிஞ்சியிருக்க வேண்டும். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அந்த நிபந்தனையே கிடையாது, நேரம் 10-ஐத் தாண்டியதே புகாருக்குப் போதும். “மீட்டர் வைத்து அளந்தீர்களா?” என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். செல்போனில் தேதி, நேரம் தெரியும்படி காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்தால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நிரந்தரத் தொல்லை என்றால், பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 152-ஆம் பிரிவின் கீழ்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். பட்டறை, ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் பைக்குகளும் தேவையின்றி அலறும் ஹாரன்களும் போக்குவரத்துக் காவலர் பொறுப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000, அடுத்தடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம்.

விழாக்குழு “அனுமதி வாங்கிவிட்டோம்” என்று சொல்லும்போது, அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எத்தனை மணி வரை, என்னென்ன நிபந்தனைகளோடு என்பதெல்லாம் அதில் இருக்கும். எதற்கும் பலன் இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். அங்கே ஒரு கெடு உண்டு: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். ஆகவே முதல் புகாரை வாய்மொழியாக விட்டுவிடாமல், தேதியிட்டு எழுத்தில் கொடுத்து வைப்பது பின்னால் உதவும்.