பகடையில் பிடிபடும் தாமதம்

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கி.மீ. நீளும் சென்னை மெட்ரோவின் நான்காம் வழித்தடம், கோடம்பாக்கம் தாண்டியதும் தூண்களின் மேல் ஏறிவிடுகிறது. 2025 மார்ச்சில் பூந்தமல்லி – முல்லைத்தோட்டம் இடையே ஓட்டுநரில்லா ரயில் சோதனை முறையில் ஓடியது. அதற்கு முன்னால் பைல் இறக்குவோர், தூண் எழுப்புவோர், கர்டர் தூக்குவோர், தண்டவாளம் பதிப்போர், சிக்னல்காரர்கள் என ஒவ்வொரு குழுவும் முந்தைய குழு முடித்துக் கொடுத்த பிறகே கை வைக்க முடிந்திருக்கும். இந்தக் கைமாற்றம் நம் சிவில் வகுப்புகளில் வெறும் கணக்காகவே கடந்து போகிறது. 1950-களின் இறுதியில் பிறந்த சி.பி.எம்., பெர்ட் என்ற திட்டமிடல் முறைகளை மாணவர்கள் கரைத்துக் குடிக்கிறார்கள். பெர்ட்டில் ஒரு வேலைக்கு மூன்று கால அளவுகள் உண்டுதான். அவையும் சராசரியாகச் சுருங்கி மதிப்பெண்ணாகிவிடுகின்றன. தாமதம் ஒளிந்திருப்பதோ அந்தச் சராசரிக்குள்தான்.

ஐரிஸ் டோமலைன், டேவிட் ரைலி, கிரெக் ஹோவெல் மூவரும் 1999-ல் ஆய்விதழொன்றில் விவரித்த 'பரேட் கேம்' இதை அம்பலப்படுத்துகிறது. மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு துணை ஒப்பந்ததாரர் ஆகிறார்கள். பகடையில் விழும் எண்ணிக்கையளவு வேலையை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். ஆனால் முன்னவர் கொடுத்ததற்கு மேல் தள்ள முடியாது. ஓர் அணிக்கு ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள வழக்கமான பகடை; இன்னொன்றுக்கு மூன்றும் நான்கும் மட்டுமே கொண்ட பகடை. இரண்டுக்கும் சராசரி 3.5. ஆனாலும் முதல் அணிதான் பொதுவாகப் பின்தங்கும். ஆறு விழுந்தவருக்குப் பல நேரம் கையில் அத்தனை வேலை இருப்பதில்லை. ஒன்று விழுந்தவரின் பற்றாக்குறையோ வரிசையின் கடைசி வரை போய்ச் சேருகிறது. யாரும் சோம்பியிருக்கவில்லை, வேலை மட்டும் தாமதம். 'ஆளைக் கூட்டு, விரட்டு' என்ற நம்மூர் மேற்பார்வை மரபுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

பகடைக்கு ஐப்பசி மழை தெரியுமா, நில எடுப்பு வழக்கு தெரியுமா, பில் பாஸாகாத மாதம் தெரியுமா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வானிலையையும் கூலியாட்களின் வேலைத்திறனையும் சேர்த்துக்கொண்ட 'கன்ஸ்ட்ரக்டோ' என்ற கணினி விளையாட்டு 1970-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. நாமும் மழைக்கொரு சீட்டு, தடையாணைக்கொரு சீட்டு எழுதிச் சேர்க்கலாம். ஆனால் முதல் ஆட்டத்தில் இவை எதுவும் வேண்டாம். மழையே இல்லாதபோதும் வேலை தள்ளிப்போகிறது என்று கண்டவர்தான், அடுத்த முறை எல்லாப் பழியையும் மழை மேல் போடமாட்டார். சைட்டுக்குப் போனால் இந்தப் புரிதல் தானாக வந்துவிடும் என்பது இன்னொரு வாதம். பயிற்சிக்குப் போகும் மாணவர் சில வாரங்களில் பார்ப்பது ஒரு குழுவின் வேலையை. முழுச் சங்கிலியை அல்ல. தவறான முடிவை எடுத்துப் பார்க்கும் உரிமையும் அங்கே அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் அடுத்த பருவத்தில் இந்த ஆட்டத்துக்கு இரண்டு பீரியட் ஒதுக்கிப் பார்க்கட்டும். பகடை வாங்க டெண்டர் விட வேண்டியதில்லை.