எடுத்து வைத்தது திரும்பக் கிடைக்குமா?

வங்கியில் பணம் செலுத்துகின்ற எவரும், செலுத்துகின்ற நாளை மட்டும் எண்ணிச் செலுத்துவதில்லை. வேண்டிய நாளில் வேண்டிய தொகை குறைவின்றித் திரும்பக் கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அவரை வங்கியின் வாயிலுக்கு அழைத்து வருகிறது. வீட்டுக் கணினியில் உள்ளவற்றை வெளி வன்தட்டில் ‘பேக்கப்’ எடுத்து வைப்பதும் ஒரு வகைச் சேமிப்பே. ஆயினும் இந்தச் சேமிப்பில் மட்டும் நாம் போட்டு வைப்பதோடு மனநிறைவு அடைந்துவிடுகிறோம்; எடுத்துப் பார்ப்பதில்லை. அதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை எங்கள் இல்லத்திலேயே அறிந்துகொண்டோம்.

நாங்கள் வசிப்பதும் பணிபுரிவதும் பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்டில். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கென உருவான இச்சிற்றூர், இன்று மென்பொருள் நிறுவனங்களின் பெரும் பேட்டையாக விளங்குகிறது. எங்கள் கிளைக்கு வருவோரில் பலர் மென்பொருள் எழுதுபவர்கள், அல்லது அவர்களைப் பெற்றவர்கள். ஆயினும், “வீட்டுக் கணினிக்குக் காப்புநகல் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால், புன்னகையோடு பேச்சை மாற்றுபவர்களே மிகுதி. விளக்கடியில் இருள் என்பார்களே, அதுதான்.

2022 செப்டம்பர் முதல் வாரத்துப் பெருமழையை இப்பகுதியினர் மறந்திருக்க இயலாது. மகாதேவபுரா மண்டலத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. சர்ஜாபூர் சாலை, ஏமலூர்ப் பகுதிக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டர்களிலும் படகுகளிலும் வெளியேறினர். தரைத்தளத்து மேசையின் அடியிலிருக்கும் கணினியும், அதனருகே அலமாரியின் கீழ்த்தட்டிலிருக்கும் வன்தட்டும் ஒரே நீரில் மூழ்கிவிடக் கூடும் என்பதை நம்மில் பலர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் கணினியை வெள்ளம் கொண்டுபோகவில்லை. ஒரு கோடை மாலையில் மின்சாரம் இருமுறை போய் வந்தது. அதன்பின் கணினியின் வன்தட்டு இயங்கவில்லை. நாங்கள் பதறவும் இல்லை. வெளி வன்தட்டு ஒன்று இருந்தது; காப்புநகல் மென்பொருளும் வாரந்தோறும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பச்சைக் குறியோடு தெரிவித்து வந்தது. புதிய வன்தட்டைப் பொருத்தி, மீட்கும் பணியைத் தொடங்கினோம். வருமான வரிக் கோப்புகள் வந்தன. பிள்ளைகளின் பள்ளிப் படங்கள் வந்தன. ‘அம்மா’ என்று பெயரிட்ட கோப்புறை மட்டும் வரவில்லை.

எங்கள் தாயார் மறைவதற்கு முந்தைய ஆண்டில், அவர் பாடிய தாலாட்டுகளையும் சொன்ன ஊர்க்கதைகளையும் 11 ஒலிப்பதிவுகளாக எடுத்து அந்தக் கோப்புறையில் வைத்திருந்தோம். அது கணினியின் ‘டி’ டிரைவில் இருந்தது. மென்பொருளோ, தான் இயல்பாகச் சேர்த்துக்கொள்ளும் கோப்புறைகளை மட்டுமே நகலெடுத்து வந்திருந்தது. எவை சேர்க்கப்பட்டுள்ளன என்னும் பட்டியல் திரையில் இருக்கத்தான் செய்தது. அதை நாங்கள் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. பிழை எங்களுடையதே. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்ற வன்தட்டு, தட்டிலேயே கீறல் விழுந்தது என்று திரும்பி வந்தது. திருநெல்வேலியிலுள்ள எங்கள் தங்கையின் கைப்பேசியில், எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 3 பதிவுகள் இருந்தன. மற்ற 8 பதிவுகளும் போனவை போனவையே.

எதை முதலில் காப்பது?

கணினியில் இருப்பவை யாவும் ஒரே மதிப்புடையவை அல்ல. வங்கிக் கணக்கு அறிக்கையை நாங்கள் மீண்டும் அச்சிட்டுத் தருவோம். வில்லங்கச் சான்றுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமம் போன்ற பல ஆவணங்களை டிஜிலாக்கரில் பெறலாம். ஆனால் குடும்பப் படங்கள், ஒலிப்பதிவுகள், கையால் எழுதிய கடிதங்களின் ஸ்கேன் நகல்கள், நாமே தட்டச்சு செய்த கணக்குகள் ஆகியவற்றை எந்த அலுவலகமும் மறுபடி வழங்காது. மென்பொருளைத் தேடுவதற்கு முன், மறுபடி பெற இயலாதவை எவை, அவை கணினியில் எங்கெங்கே உள்ளன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இருந்திருந்தால் ‘டி’ டிரைவு அதில் முதல் வரியாக இருந்திருக்கும்.

மூன்று வகை மென்பொருள்கள்

கடைகளிலும் இணையத்திலும் ‘பேக்கப்’ என்னும் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பணிகளைச் செய்யும் மென்பொருள்கள் கிடைக்கின்றன.

முதல் வகை, ஒத்திசைவு. இரண்டு இடங்களில் உள்ள கோப்புறைகளை ஒன்றுபோல வைத்திருப்பது இதன் பணி. ஒரு கோப்பை இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அது அழிந்துபோகக் கூடும். ஆகவே பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வசதியின்றி ஒத்திசைவை மட்டும் நம்புதல் தகாது.

இரண்டாம் வகை, பதிப்புகளோடு கூடிய காப்புநகல். ஒரு கோப்பின் நேற்றைய நிலை, சென்ற மாதத்து நிலை என ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவும் தேதியிட்டு நிற்பதைப் போன்றது இது. பெரும்பாலான இல்லங்களுக்கு இதுவே ஏற்றது.

மூன்றாம் வகை, முழு வன்தட்டின் பிம்பம். இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் அனைத்தையும் அப்படியே படியெடுக்கும். கணினி முற்றிலும் பழுதானால், புதிய வன்தட்டில் பழைய கணினியையே மீட்டுவிடலாம். அதற்குக் கணினியைத் தொடக்கி வைக்கும் மீட்புப் பென் டிரைவை முன்னதாகவே உருவாக்கிச் சோதித்திருக்க வேண்டும்.

கையில் இருக்கும் கருவிகள்

விண்டோஸ் கணினியில், கண்ட்ரோல் பேனலில் உள்ள ‘ஃபைல் ஹிஸ்டரி’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இயல்பாக மணிக்கொரு முறை, மாறிய கோப்புகளை வெளி வன்தட்டில் சேர்க்கிறது. கோப்பின் பெயரோடு தேதியையும் நேரத்தையும் இணைத்துச் சாதாரணக் கோப்பாகவே வைப்பதால், வேறு கணினியிலும் அதைத் திறக்கலாம். விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் பேக்கப்’ என்றே ஒரு செயலி இருக்கிறது. அது கோப்புகளை நம் வன்தட்டில் வைப்பதில்லை, ஒன்டிரைவ் இணையக் கிடங்கிற்கு அனுப்புகிறது. கட்டணமின்றி அங்கே கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. பெயரைப் பார்த்து ஏமாறலாகாது.

ஆப்பிள் கணினிகளில் 2007 முதல் ‘டைம் மெஷின்’ உள்ளது. கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொரு நகல், கடந்த ஒரு மாதத்திற்கு நாளொரு நகல், அதற்கு முந்தைய காலத்திற்கு வாரமொரு நகல் என அடுக்கி வைத்து, இடம் நிரம்பும்போது மிகப் பழையவற்றை நீக்குகிறது. கணினியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கேனும் உள்ள வன்தட்டை இதற்கெனத் தனியே ஒதுக்குவது நலம். வேறு கோப்புகள் உள்ள வன்தட்டை இதற்குக் கொடுத்தால் அவை அழிக்கப்பட நேரிடலாம்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ‘தேஜா டப்’ எளியது. ‘டைம்ஷிஃப்ட்’ முதன்மையாக இயங்குதளத்தை மீட்பதற்கென அமைந்தது. வீட்டு ஆவணங்களுக்கு அதை மட்டும் நம்பலாகாது.

தனியே நிறுவத்தக்கவற்றில், ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ கோப்புகளைச் சாதாரண வடிவிலேயே நகலெடுக்கும். பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளுமாறும் அதில் அமைக்கலாம். ‘டூப்ளிகாட்டி’ கோப்புகளைக் குறியாக்கம் செய்து வைக்கும். ஆயின் மீட்பதற்கு அந்த மென்பொருளே வேண்டும். முழுப் பிம்பம் எடுக்க ‘வீம் ஏஜென்ட்’ இலவசப் பதிப்பு உண்டு. இலவசம் என்பது என்றென்றைக்கும் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: பலர் நம்பியிருந்த ‘மேக்ரியம் ரிஃப்ளெக்ட்’ இலவசப் பதிப்புக்கான பராமரிப்பு 2024 ஜனவரி 1-ஆம் நாளோடு நின்றது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எதைத் தேர்ந்தாலும் ஐந்து கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

1. நாம் எழுதிய தாளிலுள்ள எல்லாக் கோப்புறைகளையும் இது சேர்க்கிறதா? பட்டியலை எங்கே பார்ப்பது?

2. ஒரு கோப்பின் சென்ற மாதத்துப் பதிப்பைத் தருமா?

3. இந்த மென்பொருள் இல்லாத கணினியிலும் நகலைத் திறக்க இயலுமா? இயலாதெனில், அதை நிறுவும் கோப்பையும் வன்தட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

4. வன்தட்டு களவு போனால் பிறர் படிக்காதவாறு குறியாக்கம் உண்டா? உண்டெனில், கடவுச்சொல்லைத் தொலைத்தால் நமக்கும் அது திறக்காது. அதை எங்கே எழுதி வைப்போம்?

5. வீட்டிலுள்ள மற்றொருவர், நம் உதவியின்றி, ஒரு கோப்பை மீட்க இயலுமா?

ஐந்தாவது கேள்வியை வங்கியாளர் என்ற முறையில் வலியுறுத்துகிறோம். கணக்குக்கு நியமனதாரரைப் பதிவு செய்யுமாறு தங்களை ஓயாது வேண்டுகிறோம் அல்லவா? காப்புநகலுக்கும் அத்தகைய ஒருவர் தேவை. கணவருக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல், அவருக்குப் பின் மனைவிக்கு மூடிய கதவாகிவிடும். வன்தட்டு எங்கே உள்ளது, எப்படித் திறப்பது என்பதை எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வங்கியின் பின் எண்ணையோ இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ மட்டும் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டா.

மென்பொருளை அதன் உரிய தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கட்டணத்தைத் தவிர்க்கத் திருட்டுப் பதிப்பை நாடுவது களவாளியிடம் சாவியைக் கொடுப்பதாகும். “நாங்களே காப்புநகல் எடுத்துத் தருகிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்று தொலைபேசியில் கேட்போருக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

வன்தட்டு எங்கே இருக்க வேண்டும்?

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வானாகிரை’ என்னும் பணயத் தீநிரல், உலகெங்கும் கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய தீநிரல்கள் கணினியோடு இணைந்திருக்கும் வெளி வன்தட்டையும் பூட்டிவிடக் கூடியவை. ஆகவே நகல் முடிந்ததும் வன்தட்டை முறையாகக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பீட்டர் க்ரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி. இது நமக்குப் புதிதன்று. பனையோலை நாளடைவில் செல்லரிக்கும் என்பதை அறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்து வந்தனர். ஒரே நூலின் ஏடுகள் பல ஊர்களில், பல இல்லங்களில் இருந்தமையால்தான் உ.வே.சாமிநாதையரால் அவற்றை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது.

வங்கி செய்வதும் இதுவே

வங்கிகள் தம் தரவை ஒரே மையத்தில் வைப்பதில்லை. பேரிடர்க் கால மாற்று மையம் ஒன்று தொலைவில் இயங்கும். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நெறிமுறைகள், காப்புநகலாக வைத்த தரவை அவ்வப்போது மீட்டுப் பார்த்து, அது பயன்படும் நிலையில் உள்ளதா எனச் சோதிக்குமாறு பணிக்கின்றன. முக்கிய அமைப்புகளுக்குப் பேரிடர் ஒத்திகையை அரையாண்டுக்கு ஒருமுறையேனும் நடத்த வேண்டும் என்பதும் அதிலுள்ளது.

மீட்டுப் பாராத நகல் எத்தகையது என்பதற்கு ‘கிட்லேப்’ நிறுவனத்தின் அனுபவம் சான்று. 2017 ஜனவரி 31 அன்று அங்கே பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் உரியவாறு உதவவில்லை. வேறு பணிக்கென 6 மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு நகலே அவர்களைக் காத்தது. நிறுவனம் இதை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டமையால், பலர் இப்போது கணினியை மாற்றி வருகின்றனர். பழைய கணினியைக் கைவிடுவதற்கு முன், காப்புநகலிலிருந்து சில கோப்புகளையேனும் புதிய கணினியில் திறந்து பாருங்கள்.

எங்கள் இல்லத்தில் இப்போது வெளி வன்தட்டுகள் இரண்டு. ஒன்று வைட்ஃபீல்டில், மேல்தளத்து அலமாரியில். மற்றொன்று திருநெல்வேலியில் தங்கையின் வீட்டில், ஊருக்குச் செல்லும்போதெல்லாம் மாற்றி எடுத்துவரப்படுவது. வங்கியில் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நாள் வரும்போது, வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. அன்று மாலை எங்கள் மகள் வன்தட்டை இணைத்து, ‘அம்மா’ கோப்புறையிலிருந்து ஒரு பதிவை மீட்டு ஒலிக்கவிடுகிறாள். எஞ்சியவை மூன்றே பதிவுகள் என்பதால், ஆண்டு முடிவதற்குள் முதல் தாலாட்டு மீண்டும் ஒருமுறை எங்கள் கூடத்தில் கேட்கிறது.