பழைய கைப்பையும் பொய் முத்திரையும்

பார்சல் ஆபீசில் பதினோர் ஆண்டுகளாகக் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பதனால், பெட்டி, மூட்டை, பை ஆகியவற்றின் இலக்கணம் நமக்கு அத்துபடி என்று நம் காலனியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு நாள் மாலை ஓர் அம்மையார், வேட்டித் துண்டில் சுற்றிய கைப்பை ஒன்றுடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். மும்பையில் ஒரு செல்வர் இல்லத்தில் 18 ஆண்டுகள் சமையல் செய்தவர். அவ்வீட்டார் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, தலைவி தாம் புழங்கிய கைப்பையை இவரிடம் கொடுத்து, "இது லூயி வித்தோன் பை, பழையதானாலும் அறுபதாயிரம் பெறும்" என்று சொல்லிப் போனாராம். இப்போது மகளுக்கு எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்டியாக வேண்டும். அடுத்த கட்டடத்துப் பெண்மணி ஒருவர் நாற்பதாயிரத்துக்குக் கேட்டு, மறுநாள் பணத்துடன் வருவதாக ஏற்பாடு. "தம்பி, நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி" என்றார்.

நமக்கோ அந்தக் கம்பெனியின் பெயரே அன்றுதான் அறிமுகம். நல்லவேளையாக நம் மைத்துனன் பாந்திராவில் உயர்ந்த ரகத் தோற்பைகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறான். அன்றிரவே அவனை வரவழைத்தோம். இனி நாம் எழுதுவதில் பெரும்பகுதி அவன் சொல்லக் கேட்டதே.

இந்தப் பையின் பூர்வோத்தரம் ரயில்வேக்காரருக்கு அந்நியமானதன்று. 1854-இல் லூயி வித்தோன் என்பவர் பாரிஸ் நகரில் பிரயாணப் பெட்டிக் கடை ஒன்றைத் தொடங்கினார். மழைநீர் வழிந்தோட வேண்டும் என்று அக்காலப் பெட்டிகளுக்கு மூடியை வளைவாக அமைப்பது வழக்கம். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. இவர் மூடியைத் தட்டையாக்கினார். பிரேக் வானில் சரக்கு அடுக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். பிறர் சும்மா இருப்பார்களா? அப்படியே பார்த்துச் செய்யத் தொடங்கினர். 1888-இல் சதுரங்கக் கட்டம் போட்ட துணியில் தம் பெயரையே பொறித்து வெளியிட்டார். அதனாலும் போலிக்காரர் ஓயவில்லை. அவர் 1892-இல் காலமான பின்பு, மைந்தர் ஜார்ஜ், தந்தை பெயரின் முதலெழுத்துக்களையும் பூக்களையும் கோத்து ஒரு சித்திரத்தை 1896-இல் அமைத்தார். போலியை ஒழிக்கவென்றே பிறந்த அச்சித்திரந்தான் இன்று எந்த நகரத்து நடைபாதைக் கடையிலும் தொங்குகிறது!

அம்மையார் கொணர்ந்தது அக்கம்பெனியின் 'ஸ்பீடி' என்னும் வகை. 1930-இல் வெளிவந்தபோது அதற்கு 'எக்ஸ்பிரஸ்' என்றே பெயராம். விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் எழுத்துக்கள் நேராக இருந்தன. மறுபக்கம் எல்லாம் தலைகீழ். "போலி!" என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிட்டோம். மைத்துனன் சிரித்தான். இந்த வகைப் பையின் உடல் ஒரே துண்டாலானது; அடியில் தையலின்றி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஏறுவதால், ஒருபுறம் எழுத்து தலைகீழாக நிற்பதே முறை என்றான். அந்த உடலும் நாம் நினைத்ததுபோல் தோல் அன்று. பூச்சு ஏற்றிய பருத்திக் கித்தான். கைப்பிடியும் ஓரப்பட்டைகளும் மட்டுமே தோல்.

அந்தத் தோலில்தான் விஷயம் இருந்தது. அசல் பையில் அது சாயமேற்றாத மாட்டுத்தோல். வெயிலும் கைவியர்வையும் பட்டு, வருஷக்கணக்கில் தேன் நிறமாகக் கறுத்துவரும். இந்தக் கைப்பிடியோ, பல ஆண்டுகள் புழங்கியும் உரித்த பனங்கிழங்கு போல வெளுப்பாகவே இருந்தது. நகத்தால் கீறியதும் மெல்லிய பூச்சு உரிந்தது. பிடியைப் பையுடன் இணைக்கும் பட்டைகளில் ஒன்றில் ஐந்து தையல், மற்றொன்றில் ஆறு.

உள்ளே ஒரு சிறு தோல் நாக்கில் இரண்டு எழுத்துக்களும் 1074 என்ற எண்ணும் இருந்தன. இத்தகைய குறியீடு 1980-களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்தது. எழுத்து தொழிற்சாலையையும் எண் காலத்தையும் குறிக்கும். 1990 முதல் 2006 வரை செய்த பைகளில் ஒன்றாம், மூன்றாம் இலக்கங்கள் மாதம். இரண்டாம், நான்காம் இலக்கங்கள் வருஷம். இதை மைத்துனன் சொல்லி முடிக்கும் முன்பே நாம் கணக்குப் போட்டுவிட்டோம். வருஷம் 2004, மாதம் பதினேழு! 2007-இலிருந்து மாதத்துக்குப் பதில் வாரத்தைக் குறிக்கலாயினர் என்பது உண்மை. ஆனால் 2004-இல் அந்த முறை ஏது?

குமாஸ்தா என்ற முறையில் இங்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆபீசில் ஒரு பார்சலுக்கு எண் இட்டால், அதே எண் பதிவேட்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்தால்தான் சரக்கு கைமாறும். இந்தப் பை எண்ணுக்கோ நீங்களும் நாமும் புரட்டிப் பார்க்கத்தக்க பதிவேடு கிடையாது. ஒரே குறியீடு பல பைகளில் இருக்கும். ஆகையால் எண் சரியாக இருப்பது அசலுக்கு ருசுவாகாது. அசலைப் பார்த்து எவனும் எழுதிக்கொள்ளலாம். எண் தவறாக இருந்தாலோ, பெரும்பாலும் வழக்கு முடிந்தது. 2021-இல் எண்ணை விடுத்து, உள்ளே நுண்சில்லு பதிக்கத் தொடங்கினர். ரசீதையும் அட்டைப்பெட்டியையும் காட்டுபவரைக் கண்டும் மயங்க வேண்டாம். அவையும் தனியே விற்பனைக்குக் கிடைக்கின்றன.

தையல் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. ஹெர்மெஸ் என்னும் மற்றொரு பாரிஸ் கம்பெனியில் தேன்மெழுகு பூசிய லினன் நூல் ஒன்றின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, இருபுறமிருந்தும் கையால் தைப்பர். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அக்கம்பெனி நடிகை ஜேன் பிர்க்கினுக்காகச் செய்த முதற்பை 2025 ஜூலையில் பாரிஸில் சுமார் 86 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அதில் அவர் பெயரின் முதலெழுத்துக்களும், ஒட்டுச்சீட்டுக்களின் தழும்பும், தொங்கவிட்ட நகவெட்டியும் இருந்தன. ஒருவர் புழங்கிய அடையாளமே அங்கு மதிப்பாயிற்று.

அம்மையாரிடம் எப்படிச் சொல்வது? நம் வீட்டுக்காரி, "வாங்குகிறவர் ஒன்றும் கேட்கவில்லையே, நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?" என்றாள். உண்மையைச் சொன்னால், கல்லூரித் தவணையை நினைத்து நம் மனமும் ஒரு நாழிகை அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, பொய்ச் சின்னமிட்ட சரக்கை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையுடன் இருந்தும் சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை என்று மெய்ப்பிப்பவருக்கே அதில் விலக்கு. விளக்கடியில் பதினேழாம் மாதத்தைக் கண்டுவிட்ட பிறகு அந்த விலக்கு நமக்கு ஏது?

சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்த அம்மாவும் ஏமாந்துதான் வாங்கியிருப்பார்கள், பாவம்" என்றார். மறுநாள் பணத்துடன் வந்த பெண்மணியை வாசலிலேயே நிறுத்தி, உள்ளதைக் கூறி அனுப்பிவிட்டார். இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. குறைந்ததைக் காலனி அன்பர்கள் சிலர் கைமாற்றாகக் கொடுத்து உதவினர். பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

பையை அவர் எறிந்துவிடவில்லை. இப்போது வேலைக்குச் செல்லும் வேறு வீட்டுக்கு அதில்தான் வெற்றிலைப் பெட்டியும் குடையும் வைத்து எடுத்துச் செல்கிறார். ஆறு தையல் போட்ட பக்கம் சென்ற வாரம் அறுந்துவிட்டதாம். மைத்துனனிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார்.