இலத்தீன் இடைநிலைப் பாடமும் பெயர் மறைந்த மாந்தரும்

மேனாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இலத்தீன் மொழி நெடுங்காலம் கட்டாயப் பாடம்போல் விளங்கிற்று. 1960ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இலத்தீனைக் கேட்ட நுழைவு விதியைத் தளர்த்தியபோது, இங்கிலாந்தில் அந்நிலை மாறத் தொடங்கிற்று. மொழியையும் அதைப் பேசிய மக்களின் வாழ்வையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும் என்னும் நோக்குடன் 1970 முதல் கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூல்கள் வெளிவந்தன. இவ்விணைப்பின் பயன் முதலாண்டைவிட இடைநிலையிலேயே மிகுதியாகப் புலப்படுகிறது. திருமறையை மூலமொழியிற் பயிலும் நமக்கும் அதிற் படிப்பினை உண்டு.

1. இடைநிலையில் நிகழ்வது

முதலாண்டு மாணவன் வேற்றுமைகளையும் வினை விகற்பங்களையும் கற்கிறான். தமிழில் எட்டு வேற்றுமை பயின்ற நமக்கு இலத்தீனின் ஆறு வேற்றுமை அச்சமூட்டுவதில்லை. வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் நமக்குப் பழக்கமே. இடைநிலையில், பாடநூலுக்கென்று இயற்றப்பட்ட எளிய வாக்கியங்களை விட்டு உண்மையான ஆசிரியர்களிடம் மாணவன் செல்கிறான். அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டாம் ஆண்டுக்கு ஜூலியஸ் சீசரின் காலியப் போர் வரலாறும், அதன்பின் சிசரோவும் வர்ஜிலும் என்பது பழைய வழக்கு. ஆங்கே அவன் எதிர்கொள்ளும் புதிய இலக்கண அமைப்புகளுள் ஒன்று நமது செயவெனெச்சத்தை ஒத்தது. “பொழுது விடிய, படை புறப்பட்டது” என்கிறோம். விடிந்தது பொழுது, புறப்பட்டது படை. இவ்வாறே எழுவாய் வேறுபட்ட ஒரு செயலை, நீங்கல் வேற்றுமையில் நிற்கும் தனித்தொடராக அமைத்து முதன்மை வாக்கியத்துடன் இலத்தீன் சேர்த்துவிடும்.

2. சீசரின் தொடர்கள்

கி.மு. 55இல் சீசர் ரைன் ஆற்றைக் கடந்து சுகாம்ப்ரி மக்களின் நாட்டிற் புகுந்தார். அங்கே ஊர்கள் எரிக்கப்பட்டதும் பயிர்கள் அறுத்தழிக்கப்பட்டதும் மேற்கூறிய தனித்தொடர்களிலேயே சொல்லப்படுகின்றன. முற்றுவினை சீசர் அங்கிருந்து அகன்றதைக் குறிக்கவே வருகிறது. எரித்தவர் யாரென்று தொடர் சொல்வதில்லை. இதனை உடனே சூழ்ச்சியென்று கொள்ளலாகாது. சுருங்கச் சொல்லுதல் அம்மொழியின் இயல்பு. ஆயினும் மொழிபெயர்க்கும் மாணவன் “எரித்தவர் யார்?” என்று கேட்டே தீரவேண்டும், கேளாவிடில் மொழிபெயர்ப்பு நிறைவுறாது.

மேலும், சீசர் தம்மைத் தன்மையிற் கூறாமல் “சீசர்” என்று படர்க்கையிலேயே பெரும்பாலும் கூறுகிறார். வென்றவர் எழுதியது, நடுநிலையாளர் எழுதியதுபோல் ஒலிக்கிறது. கி.மு. 57இல் அதுவாத்துக்கி மக்களின் நகர் வீழ்ந்தபோது விற்கப்பட்டவர் தொகை 53,000 என்று வாங்கியவர்கள் தமக்குத் தெரிவித்ததாக அவர் எழுதுகிறார். அவர்களை எண்ணுகையில் “தலைகள்” என்னும் சொல்லையே ஆளுகிறார்.

3. வீடு என்னும் சொல்

உரோமப் பண்பாட்டுப் பாடம் இங்கேதான் தேவையாகிறது. “ஃபமிலியா” என்னும் சொல்லைக் குடும்பம் என்று பெயர்த்தால் பாதிப் பொருளே கிட்டும். குடும்பத் தலைவனின் ஆளுகைக்குட்பட்ட அனைவரையும், அடிமைகளையும் உட்பட, அது குறிக்கும். சில இடங்களில் அடிமைகளின் தொகுதியை மட்டுமே குறிக்கும். முறைப்படி விடுதலை பெற்றவன் உரோமக் குடியுரிமை அடையக்கூடும். எனினும் பழைய எசமானுக்குக் கடமைப்பட்டவனாகவே வாழ்ந்தான்.

கேம்பிரிட்ஜ் நூலின் முதற் பகுதி பொம்பெயி நகரத்துச் செல்வர் கைக்கீலியுசின் வீட்டில் நடக்கிறது. அவ்வீட்டு அடிமைகளைப் பெரிதும் மகிழ்ச்சியுடையோராகக் காட்டியது குறித்து ஆசிரியர்கள் கேள்வி எழுப்பினர். 2022இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அடிமைகளின் நிலையையும் பெண்களின் நிலையையும் கூடுதல் கவனத்துடன் காட்ட முயல்கிறது. பண்பாடு கற்பித்தல் என்பது தூண்களையும் விருந்துகளையும் வியப்பது மட்டுமன்று என்பதைப் பள்ளிகளே உணர்ந்தன.

4. பிளினியின் கடிதம்

அமெரிக்க மாணவர் எழுதும் ஏ.பி. இலத்தீன் தேர்வில் 2025-26 கல்வியாண்டு முதல் சீசருக்குப் பதிலாக இளைய பிளினியின் கடிதங்கள் இடம்பெறுகின்றன, வர்ஜில் தொடர்கிறார். கி.பி. 79இல் வெசூவிய எரிமலை வெடித்தபோது பிளினிக்கு வயது 17. பிற்காலத்தில் அவர் பொந்து, பித்தினியா நாடுகளின் ஆளுநரானார். பேதுருவின் முதலாம் நிருபத்தின் முதல் வசனத்தில் நாம் காணும் நாடுகளே இவை. ஏறக்குறைய கி.பி. 112இல் அவர் பேரரசர் திராயானுக்குக் கிறிஸ்தவர்களைப்பற்றி எழுதிய கடிதம் திருச்சபை வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்ததே.

அக்கடிதத்தை இடைநிலை இலத்தீன் அறிவோடு படிக்கையில் இரு சொற்கள் நம்மை நிறுத்துகின்றன. கிறிஸ்தவர்கள் குற்றம் செய்யாதிருக்கத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டதை அவர் “சாக்ரமெந்தும்” என்கிறார். படைவீரனின் ஆணையைக் குறித்த அச்சொல்லே, திருச்சபையில் திருவருட்சாதனத்தின் பெயராயிற்று. அடுத்து, “மினிஸ்திரா” என்று சபையாரால் அழைக்கப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைத்து உண்மையறிய முயன்றதாக எழுதுகிறார். இது உதவிக்காரர் என்னும் கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பாகலாம் என்பர். அவர்களைச் சுட்ட அவர் ஆளும் “அங்கில்லா” என்ற சொல்லையே, மரியாள் தன்னை ஆண்டவரின் அடிமை எனக் கூறுமிடத்தில் வல்கேட் மொழிபெயர்ப்பு வழங்குகிறது.

ஆளுநர் அவர்களுடைய பெயர்களை எழுதவில்லை. சட்டத்தின் முன் அவர்கள் வதைத்து விசாரிக்கத்தக்க உடைமை. சபையிலோ ஊழியப் பொறுப்புடையோர். ஒரே வாக்கியத்தில் இவ்விரண்டும் அருகருகே நிற்பதை, சொல்லையும் சமுதாயத்தையும் சேர்த்துக் கற்றவனே காண்பான்.

5. நமக்குரியது

கிரேக்க, எபிரெய வகுப்புகளில் இலக்கணம் ஒரு பாடவேளை, பின்னணி வேறொரு பாடவேளை என்று நாம் பிரித்துவிடுகிறோம். அப்பிரிவு கற்பிப்போருக்கு வசதியே. வாசிப்புக்கு அது ஊறு விளைவிக்கும். வேலைக்காரருக்குப் பேதுரு எழுதும் அறிவுரையைப் பிரசங்கிக்கும் ஊழியர், அதைக் கேட்டோர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர், யாருடைய கைக்குட்பட்டிருந்தனர் என்று அறியாதிருந்தால், அடக்கப்பட்டோருக்கு ஆறுதலாக எழுதப்பட்டதை அடக்குவோருக்கு ஆதரவாகப் பேசிவிடக்கூடும். செயப்பாட்டு வினையைக் காணும்போதெல்லாம் “செய்தவர் யார்?” என்றும், பெயரில்லா மாந்தரைக் காணும்போதெல்லாம் “இவர் யார்?” என்றும் கேட்கும் பழக்கத்தைப் பள்ளி மாணவன் இலத்தீன் வகுப்பிற் பெறுகிறான். பிரசங்கம் ஆயத்தம் செய்யும் மேசையில் நாமும் அப்பழக்கத்தைக் கைக்கொள்வோமாக.