கொளுத்தும் வெயிலில் டயர் வெடிப்பது ஏன்? சூடாக இருக்கும்போது காற்றைக் குறைப்பது சரியா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டாலே, டயர் வெடித்து கார் கவிழ்ந்த செய்திகளும் வரத் தொடங்கிவிடும். "சூட்டுல காத்து விரிஞ்சு டயர் வெடிச்சிருச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ளாமல் பலர் செய்யும் ஒரு காரியம், ஆபத்தை இன்னும் அதிகமாக்குகிறது.

டயருக்குள் என்ன நடக்கிறது?

டயருக்குள் அடைத்த காற்று சும்மா தேங்கிக் கிடப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் எந்நேரமும் எல்லா திசையிலும் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. சாதாரண வெப்பநிலையில் அவற்றின் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 500 மீட்டர். மணிக் கணக்கில் சொன்னால் 1,800 கிலோமீட்டர். பயணிகள் விமானத்தின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு!

இந்த மூலக்கூறுகள் ஓயாமல் டயரின் உள்சுவரில் மோதுகின்றன. கோடானுகோடி மோதல்கள் சேர்ந்து தரும் தள்ளுதலைத்தான் 'அழுத்தம்' என்கிறோம்.

சூடானால் என்ன ஆகும்?

மூலக்கூறுகள் வீங்குவதில்லை. வேகம்தான் கூடுகிறது. வேகம் கூடினால் சுவரில் அடிக்கடி மோதும், பலமாகவும் மோதும். டயரோ பலூன் போல தாராளமாக விரிந்து இடம் கொடுக்காது. அதனால் அழுத்தம் ஏறுகிறது. அடைத்து வைத்த காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் கூடும் என்பதை, பிரான்ஸ் விஞ்ஞானி கியோம் அமோன்டான் 300 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார்.

எவ்வளவு ஏறும்?

27 டிகிரி 54 டிகிரி ஆனால் அழுத்தமும் இரட்டிப்பாகுமா? ஆகாது. இந்தக் கணக்கை மைனஸ் 273 டிகிரியில் இருந்து தொடங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 27 டிகிரி என்பது 300. 57 டிகிரி என்பது 330. அதாவது 10 சதவீதம்தான் அதிகம்.

காலையில் 32 பிஎஸ்ஐ காற்று அடித்த டயர், ஓடி ஓடி உள்ளே 57 டிகிரி சூடானால் சுமார் 37 பிஎஸ்ஐ காட்டும். வெளிக்காற்றின் அழுத்தமான சுமார் 15 பிஎஸ்ஐ-யையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. நல்ல நிலையில் இருக்கும் டயர் இதைத் தாங்கும்.

அப்புறம் ஏன் வெடிக்கிறது?

பெரும்பாலும் காற்று குறைவாக இருப்பதுதான் சிக்கல். காற்று குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த அசைவிலேயே ரப்பர் கடுமையாகச் சூடாகி, உள்ளிருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்கும். கூடவே தார்ச்சாலையின் சூடு, அதிக வேகம், அதிக பாரம், பழைய டயர் எல்லாம் சேர்ந்தால் வெடித்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

* வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகு காற்றைச் சோதியுங்கள். காலை நேரம் நல்லது.

* டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அளவைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு.

* "சூடா இருக்கு, கொஞ்சம் காத்தைக் குறைச்சிடுங்க" என்று சொல்லாதீர்கள். சூட்டில் 37-ஐ 32 ஆக்கினால், ஆறியதும் 28 பிஎஸ்ஐ-க்குக் கீழே போய்விடும். அப்படியே ஓட்டினால் டயர் இன்னும் சூடாகும்.

நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாதா?

ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டும் ஒரே விதிப்படிதான் சூட்டில் அழுத்தம் கூடும். நைட்ரஜனில் ஈரப்பதம் இருக்காது என்பது ஒரு சின்ன லாபம். ஆனால் எதை அடித்தாலும், அழுத்தத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது.