எரிமலை ஏறப் போகிறீர்களா? ரசீதை முதலில் வாங்குங்கள்

கம்மாபுரம் வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய உயரம் என்றால், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர்கூட இல்லாத இந்தச் சமவெளியில் உட்கார்ந்துகொண்டே, தான்சானியாவின் கிளிமஞ்சாரோவுக்கோ (5,895 மீட்டர்) ரஷ்யாவின் எல்ப்ரஸுக்கோ (5,642 மீட்டர்) கைப்பேசியில் முன்பணம் கட்டிவிடலாம். இரண்டுமே எரிமலைகள். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சத்யரூப் சித்தாந்தா, ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த எரிமலைகளையும் ஏறி முடித்தது 2019 ஜனவரியில். அதன்பின் இந்த ஆசை இந்தியாவில் பலருக்கும் வந்திருக்கிறது.

ஆசையில் தப்பில்லை. ஆனால் மலையில் ஏதாவது நேர்ந்தால் நியாயம் கேட்க தான்சானியாவுக்கு ஓட வேண்டியதில்லை, கடலூரிலேயே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குத் தேவையான காகிதங்களைப் பயணத்துக்கு முன்பே சேர்த்து வைக்க வேண்டும்.

உடம்புக்கு வரும் ஆபத்து

2,500 மீட்டருக்கு மேல் போனாலே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கிய உடம்பாக இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. கிளிமஞ்சாரோவை ஐந்தே நாளில் முடித்துத் தருகிறோம் என்னும் மலிவான பேக்கேஜ், மிச்சப்படுத்தும் நாட்களை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. எல்ப்ரஸ், ஈக்வடாரின் கோட்டோபாக்சி போன்றவற்றில் பனியாறுகளைக் கடக்க வேண்டும். காலணியில் மாட்டும் முள்தகடும் பனிக்கோடரியும் பழகாமல் அங்கே போகக் கூடாது. உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனமும் டார்ஜிலிங்கின் இமயமலை மலையேற்ற நிறுவனமும் அடிப்படைப் பயிற்சி தருகின்றன.

மலையால் வரும் ஆபத்து

2023 டிசம்பர் 3 அன்று இந்தோனேசியாவின் மராபி எரிமலை வெடித்து 24 பேர் இறந்தார்கள். அது ஏற்கெனவே இரண்டாம் நிலை எச்சரிக்கையில் இருந்த மலை. எரிவாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலை ஆய்வுத் துறை சொல்லியிருந்தும் ஆட்கள் ஏறினார்கள். நியூசிலாந்தின் வகாரி தீவில் எச்சரிக்கை நிலையை உயர்த்தி மூன்று வாரம் ஆன பின்னும் சுற்றுலா நடந்தது. 2019 டிசம்பர் 9 அன்று அது வெடித்து 22 பேர் மாண்டார்கள். ஜப்பானின் ஒன்டாகே 2014 செப்டம்பரில் வெடித்தபோது இருந்ததோ மிகக் குறைந்த எச்சரிக்கை நிலை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். எச்சரிக்கை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். எச்சரிக்கை இல்லாததை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இங்கேயும் பாடம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேறிகளைப் பலி கொண்ட பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை

• பணம் வாங்கும் நிறுவனத்தின் முழுப்பெயர், இந்திய முகவரி, ஜிஎஸ்டி எண் உள்ள பில். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.
• அங்கே கூட்டிப்போகும் உள்ளூர் நிறுவனம் எது, வழிகாட்டியின் தகுதி என்ன, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்.
• நாள்வாரியாக எந்த உயரத்தில் தங்கல், எத்தனை ஓய்வு நாள், ஆக்சிஜன் உண்டா.
• எரிமலை எச்சரிக்கையால் மலை மூடப்பட்டால் பணம் எவ்வளவு திரும்பும்.
• வெளிநாட்டுப் பேக்கேஜுக்குப் பிடிக்கும் டிசிஎஸ் வரியின் விவரம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகிவிடும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

இன்னொரு காகிதமும் தேவைப்படலாம்: கென்யா, எத்தியோப்பியா, ஈக்வடார் போன்ற நாடுகளில் தங்கித் திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும்.

கையெழுத்தும் காப்பீடும்

‘எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவனக்குறைவு சேவைக் குறைபாடு. தெரிந்த தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். எச்சரிக்கை நிலையை மறைத்து அழைத்துப் போனவர் அந்தத் தாளுக்குப் பின்னால் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது.

சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மலையேற்றத்தை விலக்கிவிடும், அல்லது ஓர் உயரம் வரைதான் செல்லும். நீங்கள் ஏறப்போகும் சிகரத்தின் உயரமும் ஹெலிகாப்டர் மீட்பும் பாலிசியில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பிருக்கும் நோய்களை மறைக்காதீர்கள். கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

எங்கே முறையிடலாம்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே கம்மாபுரத்துக்காரர் கடலூரிலேயே போடலாம். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் வசூலிப்பது பெரும்பாடு. அதனால்தான் இந்தியாவில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பில் அவ்வளவு முக்கியம்.

காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், செலவில்லை. போலி நிறுவனம் பணத்தைச் சுருட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெளிநாட்டில் சிக்கிக்கொண்டால் இந்தியத் தூதரகமும் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) இணையதளமும் உண்டு.

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு கெடு. பயணி இறந்துவிட்டால் அவருடைய வாரிசும் வழக்குத் தொடுக்கலாம். எனவே பில், ஒப்பந்தம், காப்பீட்டுப் பாலிசி, நிறுவனத்தோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, விமானம் ஏறுமுன் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.